மறுமொழி: ‘மினிமலிசம்’ தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். டிப்ளமோ வடிவமைப்புப் பாடநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘மினிமலிசம்’ (தேவையானதை மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடும் வடிவமைப்பு) அத்தியாயத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. முதல் எடுத்துக்காட்டு, 1956-இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக ஹான்ஸ் குகெலோட்டும் டீட்டர் ராம்ஸும் வடிவமைத்த எஸ்கே 4 ரேடியோ-ரெக்கார்டு பிளேயர். வெள்ளைத் தகடு, இருபுறமும் மரம், மேலே ஒளிபுகும் அக்ரிலிக் மூடி. ‘எளிமை’ என்றால் பிள்ளைகள் ‘மலிவு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உதவுங்கள்.
— பாட ஆசிரியை

சிறுமவாதம். பெருமம் (மிகப் பெரிய மதிப்பு), சிறுமம் (மிகச் சிறிய மதிப்பு) கணக்குப் பாடத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பழகிய சொல்.
— கணக்கு வாத்தியார்

> சிறுமவாதம்

வாதம் என்றதும் எனக்கு முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது. வடசொல் வேறு. சிறுமம் கூடவே சிறுமையையும் இழுத்து வரும். நல்ல வடிவமைப்புக்கு ராம்ஸ் சொன்ன கொள்கைகளும் பத்து, இலக்கண நூலான நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் அழகும் பத்து. அதில் முதலாவது சுருங்கச் சொல்லல். அது சொல்லும் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. துறவிக்கு ‘உடம்பும் மிகை’ என்றார் வள்ளுவர். ஆகவே ‘மிகையின்மை’.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, அந்தக் குற்றப் பட்டியலில் முதலில் நிற்பது குன்றக் கூறல், அதாவது வேண்டியதைக் குறைத்துச் சொல்வது! பட்டனையெல்லாம் கண்ணாடிக்குள் ஒளித்த அடுப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஈரக்கையால் தொட்டால் அசையாது. பால் பொங்கி அதன்மேல் வழிந்தால் தானே அணைந்துவிடும். மிகையில்லை, சரி. சமைக்கவும் முடியவில்லை.

எஸ்கே 4-க்கு முதலில் உலோக மூடிதான் யோசித்தார்கள். பாட்டு ஒலித்தால் அது அதிர்ந்தது, அதனால் அக்ரிலிக். வெறும் கழித்தல் கணக்கு அல்ல இது. ஜப்பானின் மூஜி என்ற வணிக நிறுவனம் 1980-இல் 40 பொருள்களோடு தொடங்கியது. காகிதக் கூழை வெளுக்கும் வேலையை விட்டார்கள். தாள் இளம்பழுப்பாக வந்தது, அப்படியே விற்றார்கள். ‘இதுதான் வேண்டும்’ என்று வாங்குவதைவிட ‘இது போதும்’ என்று வாங்குங்கள் என்பது அவர்கள் பேச்சு. என் ஓட்டு: ‘போதுமை’.
— வடிவமைப்பாளர்

‘போதாமை’ இருக்கிறதே என்பீர்கள். அது எதிர்மறைத் தொழிற்பெயர். செய்யாமை உண்டு, ‘செய்யுமை’ எங்கே இருக்கிறது?
— ஓ. தமிழாசிரியர்

பொறு, பொறுமை. போது, போதுமை. ‘போதும்’ என்ற வினைமுற்றை நான் தொடவேயில்லையே!
— வடிவமைப்பாளர்

‘பொறு’ என்று ஏவலாம். ‘போது’ என்று யாரை ஏவுவீர்கள்? போது என்றால் மலரும் பருவத்து அரும்பு. தலைப்பைப் பார்த்துத் தோட்டக்கலை என்று நினைப்பார்கள்.
— ஓ. தமிழாசிரியர்

‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’ என்று புறநானூறு இருக்க, ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் எதற்கு அலைகிறீர்கள்?
— கணக்கு வாத்தியார்

அது அரசனுக்கும் காட்டில் வேட்டையாடுபவனுக்கும் தேவை ஒன்றுதான் என்கிற பாட்டு. செல்வத்தின் பயன் ஈதல் என்கிறது. கடையில் எதை வாங்குவது என்று கேட்பவனுக்குச் சொன்னதல்ல. ஆமாம், நாழி என்பது எவ்வளவு?
— வடிவமைப்பாளர்

நண்பர்களே, நாழியைத் தனி இழையில் அளந்துகொள்ளுங்கள். இரவு 11 மணிக்குக் கோப்பை அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘மிகையின்மை’, முதல் வரியில் மினிமலிசம். மூன்று பேர் ஆதரவு, அதில் இருவர் ‘தூக்கம் வருகிறது’ என்றும் எழுதியிருந்தார்கள். மூஜி பத்தியில் மட்டும் ‘போதுமை’.
— பாட ஆசிரியை

சொல்லடைவிலாவது சிறுமவாதத்தைச் சேர்த்திருக்கலாம். அடுத்த பதிப்பு எப்போது?
— கணக்கு வாத்தியார்