வெள்ளைச் சட்டை, பிளீச் போடப் போடப் பழுப்பாகுது. உதவுங்களேன்

லயத்துவீடு:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகன் தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டு. அவனுக்கு எடுத்த மூணு வெள்ளைச் சட்டையும் அஞ்சே மாசத்துல தேத்தண்ணியில முக்கின மாதிரி ஆயிடுச்சு. கழுத்துப்பட்டை மட்டும்னா வேர்வைன்னு விட்டுடலாம். முதுகு, பாக்கெட் எல்லாம் திட்டுத் திட்டா இருக்கு. குளோரின் பிளீச்சுல ராத்திரி முழுக்க ஊற வைக்கிறேன், இன்னும் மோசமாகுது. நேத்துப் பிழியும்போது தையலோரம் கையோட கிழிஞ்சு வந்துருச்சு. புதுசு வாங்க இப்போ முடியாது.

செம்பனைத்தம்பி:
சவர்க்காரத்தூள் கூடிப்போச்சோ அக்கா? நாங்க ரெண்டு தண்ணி அலசுவோம்.

தைப்பிங் தையல்காரி:
தங்கச்சி, உங்களுக்கு வர்றது குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா?

லயத்துவீடு:
போர் தண்ணிதான் அக்கா. பைப்புல தெளிவாத்தான் வருது. காலையில பார்த்தா வாளி அடியில செம்மண் மாதிரி படிஞ்சிருக்கு.

தைப்பிங் தையல்காரி:
அது மண்ணில்லம்மா, இரும்பு. தண்ணியில கரைஞ்சிருக்கிறப்போ கண்ணுக்குத் தெரியாது, காத்துப் பட்டா துருவாகிடும். பிளீச் அதே வேலைய உடனே முடிச்சு, துருவை நூலுக்குள்ள உட்கார வைச்சுடுது. அது துருக்கறைய எடுக்கவே எடுக்காது. ராத்திரி முழுக்க ஊறினதுல பருத்தி நூலும் இத்துப்போச்சு, அதான் கிழிஞ்சது.

துருவுக்குப் புளிப்புதான் மருந்து. முதல்ல பிளீச் வாடை துளியும் இல்லாம அலசிக் காய வைங்க. பிளீச்சும் புளிப்பும் சேர்ந்தா விஷப்புகை வரும், தயவுசெஞ்சு இதுல அசட்டையா இருக்காதீங்க. அப்புறம் கேக் சாமான் கடையில சிட்ரிக் அமிலம் வாங்கி, நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி போட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்க. கறை விடாத இடத்துல எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயில்ல போடுங்க. பிரஷ் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். இத்த துணி தாங்காது.

இனிமே வெள்ளைத் துணிக்கு மழைத்தண்ணி பிடிங்க. கூரைத் தகரம் துருப்பிடிக்காம இருக்கணும். முதல்ல வர்ற அழுக்குத் தண்ணிய ஓட விட்டுட்டு டிரம்மை வைங்க, மூடியும் போடுங்க, ஏடிஸ் கொசு முட்டை போட்டுடும். மழை இல்லன்னா போர் தண்ணிய ராத்திரியே வாளியில பிடிச்சு வச்சு, காலையில அடி கலங்காம மேலாக மொண்டுக்கங்க.

லயத்துவீடு:
நீலக் காற்சட்டையும் வெளுக்குதே அக்கா?

தைப்பிங் தையல்காரி:
உள்பக்கம் திருப்பி, காத்தோட்டமான நிழல்ல காய வைங்க.

லயத்துவீடு (ரெண்டு வாரம் கழிச்சு):
அக்கா, ரெண்டு சட்டை தேறிடுச்சு! ஊற வச்ச தண்ணி மஞ்சளா மாறினப்போ வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாக்கெட் மூலையில மட்டும் லேசா ஒரு நிழல் இருக்கு. கிழிஞ்ச சட்டையில நல்ல துண்டா வெட்டி வச்சிருக்கேன், மத்த ரெண்டுக்கும் கழுத்துல உள்ஒட்டு கொடுக்க உதவும்.