லூயிஸ் நகரத்துப் பழைய பப்புகள்: போவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பீடோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்திருக்கிறாள். பட்டமளிப்பு விழா ஜூலை மாதம் பிரைட்டன் நகரில் நடைபெறுகிறது. நானும் மனைவியும் போய், விழாவுக்குப் பிறகு சில நாள்கள் தங்கிவரத் திட்டமிட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் லூயிஸ் என்ற சிறு நகரம் இருக்கிறது என்றும், அங்குள்ள பழைய பப்புகளில் 'ரியல் ஏல்' என்னும் மரபான பீர் கிடைக்கும் என்றும், ஒரு மாலைப்பொழுதை அங்கே கழிக்கலாம் என்றும் மகள் சொல்கிறாள்.

நான் அறிந்த பீர், மலேசியாவில் எங்கள் ஊரான பீடோங்கில் சீனர் கோப்பிக்கடையில் ஐஸ் கட்டி மிதக்கும் குவளையில் வருவது மட்டுமே. அந்த ஏலில் குளிர்ச்சியும் இருக்காது, நுரையும் இருக்காது, வெந்நீர்போல் இருக்கும் என்று தோட்ட அலுவலகத்தில் என்னோடு கிராணியாக (எழுத்தராக) இருந்த நண்பர் அச்சுறுத்துகிறார். அது உண்மையா? எந்தப் பப்புக்குப் போகலாம், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என் மனைவி மது அருந்துவதில்லை. சைவ உணவு மட்டுமே உண்பார். அவரையும் அழைத்துப் போய் உட்கார வைப்பது முறையாக இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கடலோரநடையன் எழுதியது:

ஐயா, மகளுக்கு என் வாழ்த்துகள். சுங்கை பட்டாணிக்குத் திரும்புவதற்கு முன் பிரைட்டனில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது பாதி கட்டுக்கதை. நன்றாக நடத்தப்படும் பப்பின் நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருக்கும். நம் ஊர் ஐஸ் பீரோடு ஒப்பிட்டால்தான் அது குளிர்ச்சி குறைவாகத் தெரியும். அதற்கும் கீழே குளிர்வித்தால் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியின் சுவையும் ஹாப்ஸ் பூவின் மணமும் நாக்குக்கு எட்டாமல் போய்விடும். நுரை குறைவு என்பது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் இருக்கிறது.

தொழிற்சாலைப் பீரை ஆலையிலேயே வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, கரியமில வாயுவைச் செலுத்தி அனுப்புகிறார்கள். ரியல் ஏல் என்பது ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைக்கப்பட்டு, பப்பின் நிலவறைக்கு வந்தபிறகும் அதே பீப்பாய்க்குள் இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு எதுவும் செலுத்தப்படாமல் குவளைக்கு வருவது. 1960களில் பெரிய ஆலைகள் இந்த முறையைக் கைவிடத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்றுவதற்காக 1971இல் 'காம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம் தோன்றியது. ரியல் ஏல் என்ற பெயருக்கு மேலே சொன்ன வரையறையைப் பரப்பியவர்களும் அவர்களே.

பீப்பாய் வந்தவுடன் அதைத் தாங்கியின்மேல் அசையாமல் கிடத்தி, மேலே உள்ள அடைப்பில் நுண்துளைகள் கொண்ட மரமுளையைச் செருகி, மிகுதியான வாயுவை வெளியேற்றுவார்கள். கொதிப்பு அடங்கியதும் அந்த முளையை எடுத்துவிட்டுக் கெட்டியான முளையால் அடைத்து, வண்டல் அடியில் படியும்வரை காத்திருப்பார்கள். இதைச் சரியாகச் செய்யும் நிலவறைக்காரர் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆலையின் ஏலும் வீண்தான். பீப்பாயைத் திறந்து காற்று புகத் தொடங்கிவிட்டால், ஏறக்குறைய மூன்று நாள்களுக்குள் அதைக் காலி செய்தாக வேண்டும். காலையில் இனிப்பாக இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பேறுவதைக் கண்டு வளர்ந்த தோட்டத்து ஆள்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 'ஃபர்கின்' பீப்பாய் 9 காலன் கொள்ளளவுடையது, அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). கூட்டமில்லாத பப்பில், நிலவறைப் பீப்பாயிலிருந்து ஏலைக் கையால் இழுத்து ஊற்றும் கைப்பம்புகள் பத்து வரிசையாக நின்றால், அவற்றில் பல பீப்பாய்கள் பழசாகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். நான்கைந்து கைப்பம்புகளும் இடைவிடாமல் வந்துபோகும் ஆள்களும் உள்ள இடமே பாதுகாப்பானது. ஒருவேளை காடிபோலப் புளித்தால், முதல் இரண்டு வாய்க்குள்ளேயே குவளையைக் கொண்டுபோய்ப் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள். முக்கால் பைண்டைக் குடித்துவிட்டுச் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள்.

லூயிஸில் ஔஸ் ஆற்றங்கரையில் ஹார்வீஸ் ஆலை இருக்கிறது. 1790இல் தொடங்கிய தொழில் அது. 1957இல் யார்க்‌ஷரின் டாட்காஸ்டர் நகரத்து ஆலையொன்றிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டையே அன்றுமுதல் ஒவ்வொரு வடிப்பிலிருந்தும் எடுத்து அடுத்த வடிப்புக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். அவர்களுடைய 'சசெக்ஸ் பெஸ்ட்' 4 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது, நம் ஊர் பீரைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் கசப்பு அதிகம். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், அரைக் குவளைவரை பொறுத்துப் பாருங்கள்.

லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே பல பப்புகள் ஏதாவதொரு பீர் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. எந்தப் பீரை விற்பது என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கும். 2006ஆம் ஆண்டின் இறுதியில், அந்தப் பப்பின் உரிமையாளராக அப்போது இருந்த கிரீன் கிங் நிறுவனம், அரை மைலுக்குள்ளேயே வடிக்கப்படும் ஹார்வீஸ் பீரை அங்கிருந்து அகற்றியது. ஊர்மக்கள் பப்புக்குள் நுழைய மறுத்து, வாசலில் நின்று, வருகிறவர்களிடம் காரணத்தை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கிவந்து ஹார்வீஸை மீண்டும் வைத்தது. தொழிற்சங்கம் கண்ட தோட்டத்திலிருந்து போகும் உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம். மற்ற ஊர்க்காரர் கேட்டிருந்தால் பேசாமல் போயிருப்பேன். பீடோங்காரர் கேட்பதால் எழுதுகிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆர். எச். நாதன் முதலியோர் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. போருக்குப் பிறகு பீடோங்குக்குப் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாகி, 1947இல் உங்கள் ஊர்க் கள்ளுக்கடையின் முன்னாலேயே மறியல் செய்தார்கள். சம்பள நாளன்று கள்ளுக்கடையில் பாதியைக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் தள்ளாடி வந்தவர்களையும், பிற்காலத்தில் சம்சு என்னும் மலிவான சாராயத்தைக் குடித்துக் கெட்டவர்களையும் நம் வீட்டுப் பெண்கள் மறக்கவில்லை. அந்தக் கடைகளுக்கு இடம் கொடுத்த துரைமார்களின் ஊரில் போய், அவர்களுடைய குடிப்பழக்கத்தைப் பண்பாடு என்று போற்றுவது எனக்கு உறுத்துகிறது. போகவேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள் என்கிறேன்.

ஓய்வுபெற்றஆசிரியை எழுதியது:

லயத்துப்பிள்ளை தம்பி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். என் அப்பாவும் அந்த மறியலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆனால் நம் கள்ளுக்கடை, கூலி கொடுத்தவனின் நிலத்திலேயே, கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கென்றே அமைந்தது போன்ற கடை. லூயிஸ்காரர்கள் ஒரு கடை பிடிக்காவிட்டால் தெருவைக் கடந்து அடுத்த கடைக்குப் போக முடிந்தது. உரிமையாளரைப் பணியவைக்கவும் முடிந்தது. நம்மவர்கள் மறியல் செய்தபோது போலீஸ்தான் வந்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே போய் உட்காரலாம் என்பது என் கருத்து.

இனி, தங்கை உடன் வருவதைப் பற்றி. நான் இங்கிலாந்தில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, மதுவைத் தொடாமலேயே பப்புகளில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரில் மதுக்கடைக்குள் ஒரு பெண் நுழைந்தால் எல்லாத் தலைகளும் திரும்பும். அங்கே பாட்டிமார்கள், நாயோடு வருகிறவர்கள், செய்தித்தாள் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ ஆப்பிள் சாறோ கேட்டால் வியப்பாகப் பார்க்கமாட்டார்கள். பல பப்புகளில் தேநீரும் உண்டு, அது நன்றாக இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

சைவ உணவுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வைத்துத் தரும் தட்டு பல இடங்களில் கிடைக்கும். சமையலறையை மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் மூடிவிடும் பப்புகள் உண்டு. ஆகவே மூன்று மணிக்குப் பசியோடு போகாதீர்கள். நீங்களும் சைவமாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீப்பாயில் வண்டல் விரைவாகப் படிவதற்காக, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளை மரபாகச் சேர்ப்பார்கள். அது வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், நம் வீட்டுக் கணக்கில் அது அசைவம்தான். அது சேர்க்காத ஏலும் இப்போது கிடைக்கிறது, சற்றுக் கலங்கலாக இருக்கும். கல்லாவில் நிற்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பீடோங்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. லயத்துப்பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "நியாயமாகத்தான் சொல்கிறார், ஆனால் போகலாம்" என்றார். புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் நான் மீன் உண்பவன் என்பதால் ஆசிரியை அக்கா குறிப்பிட்ட சிக்கல் எனக்கு இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எந்த வரிசையில் நடந்தால் வசதி? மகளின் நண்பர்கள் சிலரும் வருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பணம் கொடுக்கும் முறை என்ன?

கடலோரநடையன் எழுதியது:

வார நாள் மாலையாகப் பார்த்துப் போங்கள். கார் வாடகைக்கு எடுக்காதீர்கள், ரயில் போதும். நிலையத்திலிருந்து ஏற்றத்தில் நடந்தால் ஹை ஸ்ட்ரீட்டை அடைவீர்கள். அங்கே இப்போது நகரமண்டபம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஸ்டார் என்ற விடுதி இருந்தது. 1555 முதல் 1557 வரை, அரசி மேரியின் ஆட்சியில், புராட்டஸ்டண்ட் சமயத்தார் 17 பேரை அதன் வாசலில்தான் எரித்துக் கொன்றார்கள். நவம்பர் 5ஆம் தேதி அந்த ஊரில் நடக்கும் தீப்பந்த ஊர்வலத்தில் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் லூயிஸ் ஆர்ம்ஸ் இருக்கிறது. சிறிய அறைகள் கொண்ட பப் என்பதால், கூட்டம் சேருவதற்கு முன் அங்கே முதலில் போவது நல்லது.

பிறகு ஸ்கூல் ஹில் இறக்கத்தில் நடந்து பாலத்தைக் கடந்தால் ஹார்வீஸ் ஆலையும், அதற்கு எதிரே ஜான் ஹார்வி டாவெர்னும் வரும். சசெக்ஸ் பெஸ்ட்டை அங்கே குடித்துவிட்டு, லூயிஸ் ஆர்ம்ஸில் குடித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒரே ஆலையின் ஏல் இரண்டு நிலவறைகளில் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். கால் வலிக்கவில்லையென்றால் இன்னும் சற்று நடந்து ஸ்னோட்ராப் இன் வரை போகலாம். 1836 டிசம்பரில் குன்றிலிருந்து பனி சரிந்து எட்டுப் பேர் இறந்த இடத்தில் நிற்கும் பப் அது. பிரிட்டனில் அதைவிட அதிக உயிர்களைப் பறித்த பனிச்சரிவு பதிவானதில்லை. ஜூலையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் நடப்பதற்குக் கவலையில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, மேசைக்கு வந்து எவரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கல்லாவுக்குப் போய், வாங்கும்போதே பணம் கொடுக்க வேண்டும். வரிசை நிற்பதாகத் தோன்றாது; ஆனால் யார் முன்னால் வந்தார் என்பதைக் கல்லாக்காரரும் மற்றவர்களும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கையைத் தட்டுவதும் பணத்தாளை ஆட்டுவதும் அங்கே மரியாதைக் குறைவு. குழுவாகப் போனால் ஆளுக்கொரு சுற்று என்று ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்குவார்கள். தன் முறை வரும்போது நழுவுகிறவரை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். நீங்கள் பெரியவர் என்பதால் முதல் சுற்றை நீங்களே வாங்கிவிடுங்கள். ஐந்தாறு பேருக்கு ஆளுக்கொரு பைண்ட் என்றால் அளவும் மிஞ்சும், செலவும் மிஞ்சும். ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். விலை 5 பவுண்டைத் தாண்டுவது இப்போது சாதாரணம், அதை மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. உங்களுக்கு மட்டும் அரை பைண்ட் கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். எந்த ஏல் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம். சிறு குவளையில் ஊற்றித் தருவார்கள், அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். கடைசி ரயில் நேரத்தை மட்டும் மகளிடம் முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.