பாலியல் பொம்மைகளைச் சோப்பால் கழுவினால் மட்டும் போதுமா?

கார்த்திகைப்பூ கேட்டது:

வணக்கம். நானும் கணவரும் சிலிகான் வைப்ரேட்டர் ஒன்றையும், மூலப்பொருள் எதுவென்று உறையில் குறிப்பிடாத, மெத்தென்ற ஜெல்லி வகைப் பொம்மை ஒன்றையும் பயன்படுத்தி வருகிறோம். அண்மையில் அரிப்பும் தயிர்த்திரியாக வெள்ளைப்படுதலும் ஏற்பட்டதால் மருத்துவரிடம் சென்றேன். பூஞ்சைத் தொற்று என்று சொல்லி, உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார். பொம்மைகளைப் பற்றி அவரிடம் கேட்க நா எழவில்லை. இரண்டையும் ஒவ்வொரு முறையும் குளியல் சோப்பால் கழுவித்தான் வைக்கிறேன். அது போதுமா, அல்லது கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைக்க வேண்டுமா?

வெண்மணல் எழுதியது:

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்பதைவிட, கழுவப்படும் பொருள் எதனால் ஆனது என்பதுதான் இங்கே முதன்மையானது. தரமான சிலிகான், போரோசிலிகேட் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் நுண்துளைகள் இல்லை. ஆகவே மேற்பரப்பைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. ஜெல்லி, ரப்பர், தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் (ரப்பர் போல் நெகிழும் பிளாஸ்டிக்) வகைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே தங்கிய பூஞ்சையும் பாக்டீரியாவும் அப்படியே இருக்கக்கூடும். 2014இல் வெளியான இண்டியானா பல்கலைக்கழக ஆய்வொன்றில், கழுவி 24 மணி நேரம் கழிந்த பிறகும் எலாஸ்டோமர் வைப்ரேட்டர்கள் சிலவற்றில், பாலுறவால் பரவும் எச்பிவி வைரஸ் தென்பட்டது. சிலிகான் வைப்ரேட்டர்களில் அந்த நேரத்தில் தென்படவில்லை.

எனவே அந்த ஜெல்லிப் பொம்மையைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. சிலிகான் வைப்ரேட்டருக்கு நறுமணமில்லாத மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஆனால் பயன்படுத்துவதற்கு முன்பும் கழுவ வேண்டும். பொத்தானைச் சுற்றியுள்ள பள்ளத்திலும், இரு பாகங்கள் இணையும் கோட்டிலும் வெண்மையான படிவு ஒட்டியிருக்கும். அதை மென்மையான தூரிகையால் எடுத்துவிட்டு, சோப்பின் வழவழப்புப் போகும்வரை அலசி, முழுவதும் உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மோட்டார் இல்லாத முழுச் சிலிகான் பொருளாக இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிநீரில் போடலாம். மின்கலம் உள்ளதை ஒருபோதும் கொதிக்கவைக்கக் கூடாது. கிருமிநாசினியில் ஊறவைக்க வேண்டாம். அதன் எச்சம் யோனியின் மென்தோலை எரிச்சலூட்டும். அதே காரணத்தால் யோனியின் உட்புறத்தையும் சோப்பால் கழுவக் கூடாது.

தாழம்புதர் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆசனவாயில் பயன்படுத்திய பொம்மையைக் கழுவாமல் யோனிக்குக் கொண்டுவந்தால், குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பாதைக்குள் நுழைந்து சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும். பொம்மையின் மேல் ஆணுறை மாட்டி, இடம் மாறும்போதும் ஆள் மாறும்போதும் புதிய உறையை மாட்டுவது எளிய வழி. இருவர் பகிர்ந்துகொள்ளும்போது கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் போன்ற பால்வினைத் தொற்றுகளும் பரவலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸோ உடலுக்கு வெளியே ஏழு நாள்கள்கூடத் தொற்றும் திறனோடு இருக்கும், அதற்குத் தடுப்பூசி உண்டு.

ஆனால் சகோதரி, நீங்கள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மருந்து லேடெக்ஸ் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். நம் வீடுகளில் கைக்கு எளிதாகக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். நீர் அடிப்படையிலான மசகையே (லூப்ரிகன்ட்) வாங்குங்கள். சிலிகான் மசகு சிலிகான் பொம்மையின் மேற்பரப்பையே கெடுத்துவிடக்கூடும்.

கார்த்திகைப்பூ எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சிகிச்சை நடக்கும் நாள்களில் வைப்ரேட்டரைப் பயன்படுத்தலாமா? தொற்று மீண்டும் வந்தால் என்ன செய்வது?

வெண்மணல் எழுதியது:

மருந்து முடிந்து அரிப்பு முற்றிலும் அடங்கும்வரை வேண்டாம். அதுவரை வைப்ரேட்டரைக் கழுவி உலர்த்தி, தனித் துணிப்பையில் வையுங்கள். மீண்டும் வந்தால் பொம்மையை மட்டும் குறைசொல்ல முடியாது. நீரிழிவும், அண்மையில் உண்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் பூஞ்சைத் தொற்றுக்குக் காரணமாகும், ஆகவே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். மீன் வாடை, அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது வேறு தொற்றாக இருக்கலாம். பழைய மாத்திரையை நீங்களாகவே வாங்கி வைக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பொம்மை பயன்படுத்துவதையும் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள், அது தெரிந்தால்தான் அவரால் சரியான பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கமான மருத்துவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். இத்தகைய கேள்விகள் அங்கே அன்றாடம் வருபவை.