அனாத்தா முதல் நாசரேத் வரை: பழைய எபிரேய ஊர்ப் பெயர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்கிவைக்கிறேன். சபையிலிருந்து பரிசுத்த நாட்டுக்குப் பயணம் போயிருந்தோம். வழிகாட்டி எல்லோருக்கும் காட்டுகிற இடங்களைத்தான் காட்டினார், அதில் குறையில்லை, ஆனால் எனக்கு வேடிக்கை முழுக்க சாலைப் பலகைகளில்தான் இருந்தது. எருசலேமுக்கு வடகிழக்கே ஒரு பலகையில் 'அனாத்தா' என்று பார்த்ததும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை உலுக்கி எழுப்பிவிட்டேன். வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் சொந்த ஊரான ஆனதோத்! 2,600 வருடம் தாண்டியும், பேசுகிற மொழி அரபியாக மாறியும், பெயர் போகவில்லை.

1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபி நன்றாகத் தெரிந்த எலை ஸ்மித் என்ற மிஷனரியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மக்கள் வாயில் வழங்குகிற பெயரைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படிப் பல இடங்களை அடையாளம் கண்டார். அல்ஜிப் என்ற கிராமம்தான் வேதாகமத்தில் வருகிற கிபியோன் என்றார்கள். 1956இல் அங்கே தோண்டத் தொடங்கியபோது 'கிபியோன்' என்றே பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன, வேறென்ன சாட்சி வேண்டும்!

ஆனதோத்துக்குத் திரும்பி வருகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. அனாத் என்பது கானானியரின் போர்த் தெய்வம், பெண் தெய்வம். சிரியாவில் உகரித் நகரத்தை 1929 முதல் தோண்டியதில் கிடைத்த களிமண் பலகைகளில் அவள் கதை ரத்தமும் வாளுமாக வருகிறது. ஊர்ப் பெயரை அவளோடுதான் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். காலம் பூராவும் அந்நிய தெய்வங்களைச் சாடிய தீர்க்கதரிசி, அந்நிய தெய்வத்தின் பெயரைச் சுமந்த ஊர்க்காரர்; எந்தப் பிரசங்கத்திலும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் நிற்காது. பெத்ஷிமேஸ் சூரியனின் வீடு, அதற்கு எதிரே இருக்கும் சோராவில் பிறந்த சிம்சோனின் பெயரிலும் அதே சூரியன். எரிகோவை நிலாவோடு சேர்ப்பார்கள். பெத்தொரோன், ஓரோன் என்ற தெய்வத்தின் வீடு. வேதாகமத்தில் மேல்பெத்தொரோன், கீழ்பெத்தொரோன் என்று இரண்டு உண்டு இல்லையா, இன்றைக்கும் அரபியில் பெய்த் ஊர் என்ற பெயருக்குப் பின்னால் 'மேல்', 'கீழ்' என்று ஒட்டி இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. நம் பக்கத்து மேலூர், கீழூர் மாதிரியேதான்.

*

பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். துபாயில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த ஊர்க்காரர், அவரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். "அப்பமா? எங்கள் ஊர் பெய்த் லஹ்ம், இறைச்சி வீடு" என்று சிரித்துவிட்டார். எபிரேயத்தில் லெஹெம் ரொட்டி, அரபியில் லஹ்ம் இறைச்சி, வேர் என்னவோ ஒன்றுதான். மேலே சொன்ன தெய்வக் கணக்கில் இந்த ஊரையும் சேர்த்து, லஹ்மு என்ற மெசப்பொத்தாமியத் தெய்வத்தைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ அது இழுத்துக் கட்டியதாகத்தான் படுகிறது.

*

ஆராய்ச்சி வேலைக்காக ரெகோவோத் நகரத்தில் இருந்தேன், வைஸ்மன் நிறுவனம் இருக்கிற ஊர். ஆதியாகமம் 26 ஞாபகம் இருக்கிறதா? ஈசாக்கின் ஆட்கள் துரவு தோண்டத் தோண்ட கேராரூர் மேய்ப்பர் சண்டைக்கு வருகிறார்கள். முதல் துரவு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம். இரண்டாவது சித்னா, பகை. மூன்றாவதற்கு யாரும் சண்டை போடவில்லை, அதுதான் ரெகொபோத், தாராளமான இடம். 1890இல் குடியேறியவர்கள் அந்தப் பெயரை எடுத்து இந்த ஊருக்கு வைத்தார்கள். ஈசாக்கின் துரவு இருந்த இடம் இதுவல்ல, அது தெற்கே. இதில் ஒரு கூத்து, இன்றைய எபிரேயத்தில் ரெகோவ் என்றால் தெரு, அதன் பன்மையும் ரெகோவோத் என்றே வரும், அதனால் புதிதாக மொழி படிக்கிற எனக்கு ஊர்ப் பலகை 'தெருக்கள்' என்றுதான் முதலில் கண்ணில் பட்டது.

இன்னொன்று. ஆதியாகமம் பெயருக்குக் காரணம் சொல்லும்போது பாதி நேரம் ஓசையை வைத்து விளையாடுகிறது. பாபேலுக்கு, அதாவது பாபிலோனுக்கு, 'தாறுமாறு' என்று கதை சொல்கிறது, ஆனால் பாபிலோனியர் தங்கள் ஊர்ப் பெயரைத் தெய்வத்தின் வாசல் என்றுதான் வாசித்தார்கள். பெரிய சாம்ராஜ்யத்தின் தலைநகரை ஒரே சொல்லில் கிண்டலடித்த மாதிரி! பெயெர்செபாவிலும் ஏழு ஆட்டுக்குட்டி, ஆணை என்று இரண்டு காரணமும் ஒரே அதிகாரத்தில் வருகின்றன, எபிரேயத்தில் ஏழும் ஆணையும் ஒரே மாதிரி ஒலிப்பதால்.

*

நான் நாசரேத்துக்காரன், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். மிஷனரி காலத்தில் வந்த பெயர். வெளியூரில் ஊர் பெயர் சொன்னால் நம்பவே மாட்டார்கள், அதனாலேயே மூல நாசரேத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். பழைய ஏற்பாட்டில் அந்த ஊர் ஒரு இடத்தில்கூட இல்லை. 1962இல் செசரியாவில் கிடைத்த ஒரு எபிரேயக் கல்வெட்டுத் துண்டில், ஆசாரியப் பிரிவுகள் குடியிருந்த ஊர்களின் பட்டியலில் நாசரேத் இருக்கிறது. அதில் நடுவெழுத்து 'த்ஸாதே' என்ற எபிரேய எழுத்து. அதனால்தான் அதே எழுத்து வருகிற நேத்செர், அதாவது கிளை என்ற சொல்லோடு சேர்க்கிறார்கள், ஏசாயா 11:1இல் ஈசாயின் வேர்களிலிருந்து எழும்புகிற அதே கிளை. காவல் என்ற பொருளில் வருகிற வேரைச் சொல்பவர்களும் உண்டு. விரதம் இருந்த சிம்சோனும் நசரேயன், இயேசுவும் நசரேயன் என்று நம் மொழிபெயர்ப்பில் ஒரே மாதிரி எழுதியிருப்பதால் எங்கள் ஊரில் இரண்டையும் குழப்பாத ஆள் குறைவு. விரதக்காரரின் சொல்லில் வருவது 'ஜாயின்' என்ற வேறு எழுத்து, ஊரோடு சம்பந்தமில்லை.

சரி, ராபின்சன் பெத்தேல் என்று சொன்ன பெய்தீன் கிராமத்துக்கு இங்கே யாராவது போயிருக்கிறீர்களா? யாக்கோபு பெயர் மாற்றுவதற்கு முன் அது லூஸ் என்று வருகிறதே, அந்தப் பழைய பெயர் அக்கம்பக்கத்தில் எங்கேயாவது வழங்குகிறதா என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.