பனோரமா டூரில் பூட்டிய கதவு, ஒளித்த சாவி, திறக்கும் இழுப்பறை: எப்படிச் செய்வது?

கல்தூண்:
வணக்கம். செட்டிநாட்டு வீடு ஒன்றை, வீட்டுக்காரர் அனுமதியோடு, 360 டிகிரி படங்களா எடுத்து பன்னெல்லத்தில் (ப்ரவுசரில் 360 டிகிரி படம் காட்டும் நிரல்) வெர்ச்சுவல் டூர் செஞ்சிருக்கேன். முகப்பு, வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் சேர்த்து 14 சீன் (ஒரு நிலையில் எடுத்த 360 படம் ஒரு சீன்). ஒரு சீன்ல இருந்து இன்னொன்னுக்குப் போறது சரியா வேலை செய்யுது. கேமரா இரட்டை லென்ஸ், ஒரே அழுத்தில் எடுக்கிற வகை. படங்கள் 8192×4096 ஜேபெக்.

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டா மாத்தணும். அடுப்படியில அஞ்சறைப்பெட்டிக்குள்ள சாவி. அதை எடுத்தாத்தான் இரண்டாம் கட்டு அறைக் கதவு திறக்கணும். மேசை இழுப்பறையைத் தொட்டா அது திறந்து உள்ளே ஓலை தெரியணும். எனக்கு மூணு சந்தேகம்:

1. சாவி இல்லாம கதவைத் தொட்டா உள்ளே போகாம எப்படித் தடுக்கிறது?
2. இழுப்பறை மூடின படம், திறந்த படம் ரெண்டும் இருக்கு. மாறும்போது அறையே கொஞ்சம் குதிக்குது, சுவர் நிறமும் மாறுது.
3. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணுல படமே வரலை.

நிலைவாசல்:
பூட்டை முதலில் பார்ப்போம். கதவு ஹாட்ஸ்பாட்டின் (படத்தின் மேல் தொட்டால் வேலை செய்யும் புள்ளி) டைப்பை "சீன்" என்று வைத்து, போக வேண்டிய சீன் ஐடியையும் கொடுத்திருப்பீர்கள். அப்படி இருக்கும்வரை பன்னெல்லம் எதையும் சோதிக்காமல் உள்ளே அனுப்பிவிடும். டைப்பை "இன்ஃபோ" ஆக்கி, சீன் ஐடியை நீக்கிவிட்டு, கிளிக் ஹேண்ட்லராக (தொட்டதும் ஓடும் நிரல்) உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுங்கள். கையில் சாவி இருந்தால் அந்த ஃபங்ஷன், வேறு சீனைத் திறக்கும் லோட்சீன் கட்டளையை அழைக்கட்டும். இல்லையென்றால் பூட்டு ஆடும் ஓசையும் "பூட்டியிருக்கிறது" என்ற ஒரு வரியும் போதும்.

சாவி எடுத்தாயிற்றா, இழுப்பறை திறந்தாயிற்றா என்ற விவரங்களைப் பன்னெல்லம் வியூவருக்குள் தேடாதீர்கள். வெளியே "நிலை" என்று ஒரே ஒரு ஆப்ஜெக்ட் (விவரங்களைச் சேர்த்து வைக்கும் மாறி) வைத்து எல்லாம் அதில் இருக்கட்டும். எதைத் தொட்டாலும் முதலில் அந்த ஆப்ஜெக்ட் மாற வேண்டும், பிறகு ஒரே ஒரு ஃபங்ஷன் அதைப் பார்த்து ஹாட்ஸ்பாட்டுகளைப் போடவோ எடுக்கவோ வேண்டும். கிளிக் ஹேண்ட்லர் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஹாட்ஸ்பாட்டைச் சேர்த்து நீக்கினால், பத்தாவது புதிருக்குள் எது எங்கே மாறுகிறது என்று உங்களுக்கே பிடிபடாது.

இதில் பலர் மாட்டும் இடம் ஒன்று உண்டு. ஆட் ஹாட்ஸ்பாட் கட்டளை கொண்டு சேர்த்தது அந்த சீனின் அமைப்பிலேயே தங்கிவிடும். வேறு சீனுக்குப் போய்த் திரும்பினாலும் அது அங்கேயே இருக்கும். நீங்கள் சீனுக்குள் நுழையும்போதெல்லாம் மறுபடி சேர்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். ரிமூவ் ஹாட்ஸ்பாட்டோ முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு நிற்கும். "சாவியை எடுத்த பிறகும் சாவி அங்கேயே இருக்கிறது" என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லா ஹாட்ஸ்பாட்டுக்கும் ஐடி கொடுங்கள் (ஐடி இல்லாததை நீக்கவே முடியாது), சேர்ப்பதற்கு முன் அதே ஐடியை நீக்குங்கள்.

அஞ்சறைப்பெட்டி போன்ற பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத தொடுபரப்பு வைப்பதானால் அந்த ஹாட்ஸ்பாட்டில் "ஸ்கேல்" என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஜூம் செய்யும்போது பெட்டி பெரிதாகும், தொடுபரப்பு பழைய அளவிலேயே நிற்கும். பெட்டியின் ஓரத்தைத் தொட்டவருக்கு ஒன்றும் நடக்காது. போனில் எந்தத் தொடுபரப்பும் 44 பிக்சலுக்குக் குறையக் கூடாது.

இடத்தைக் குறிக்க ஹாட்ஸ்பாட் டீபக்கை ஆன் செய்து சொடுக்கினால் யா (இட-வல கோணம்), பிட்ச் (மேல்-கீழ் கோணம்) எண்கள் ப்ரவுசரின் கன்சோலில் வரும். படத்தில் பிக்சல் இடம் தெரிந்தால் கணக்கே போதும்: யா = (இடமிருந்து பிக்சல் ÷ அகலம் − 0.5) × 360, பிட்ச் = (0.5 − மேலிருந்து பிக்சல் ÷ உயரம்) × 180. உங்கள் படத்தில் 5120, 2304 என்ற புள்ளி என்றால் யா 45, பிட்ச் −11.25.

தரையில் அம்புக்குறி வைக்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து, அடுத்த படம் எடுத்த இடம் 3 மீட்டர் தள்ளி இருந்தால் அம்பின் பிட்ச் சுமார் −27. 5 மீட்டர் என்றால் −17. இப்படி வைத்தால் அம்பு உண்மையாகவே அடுத்த முக்காலி நின்ற தரையில் உட்காரும், நடக்கிற உணர்வும் வரும். எல்லா அம்பையும் ஒரே உயரத்தில் வைத்த டூரில் அந்த உணர்வு வராது.

முக்காலி:
இரண்டாவது கேள்விக்கு விடை படம் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு சீனில் என்னென்ன மாறப்போகிறதோ அத்தனையையும் முக்காலியை அசைக்காமல் அடுத்தடுத்து எடுத்துவிட வேண்டும்: மூடியது, திறந்தது, சாவி உள்ளது, சாவி இல்லாதது. எந்தப் புதிர் எந்த அறையில் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டுதான் கேமராவையே எடுக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தில் முக்காலியை வைத்தாலும் சில மில்லிமீட்டர் விலகும். பக்கத்தில் உள்ள தூண் அந்த விலகலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷட்டரைக் கையால் அழுத்தாமல் போன் செயலி வழியாக அழுத்துங்கள். எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். நீங்கள் சொல்லும் சுவர் நிறமாற்றம் பெரும்பாலும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸால் வருவது. திறந்த இழுப்பறையின் தேக்கு நிறம் ஃபிரேமுக்குள் வந்ததும் கேமரா மொத்த நிறத்தையும் திருத்தப் பார்க்கிறது.

எடுத்த படங்களைக் காப்பாற்ற வழி உண்டு. மூடிய படத்தை அடிப்படையாக வையுங்கள். திறந்த படத்திலிருந்து இழுப்பறையும் அதன் நிழலும் உள்ள பகுதியை மட்டும் ஜிம்ப் என்ற படத் திருத்து மென்பொருளில் வெட்டி, அடிப்படைப் படத்தின் மேல் ஒட்டுங்கள். முதலில் லேயரை டிஃபரன்ஸ் மோடில் (இரு படத்தின் வித்தியாசத்தை மட்டும் காட்டுவது) வைத்து நகர்த்திப் பாருங்கள். மேசை விளிம்பு கறுத்து மறையும் இடம்தான் சரியான இடம். பிறகு நார்மலுக்கு மாற்றி, மாஸ்க் ஓரத்தை 20, 30 பிக்சலுக்கு மென்மையாக்கி, புதிய பெயரில் சேமியுங்கள். இப்போது இரண்டு படத்திலும் இழுப்பறையைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. அறை குதிக்க வழியே இல்லை. முக்காலி அசையாத படங்களுக்கும் இதைச் செய்வது நல்லது, ஏனென்றால் இந்த வகைக் கேமராவின் ஸ்டிச்சிங் (இரு லென்ஸ் படங்களையும் ஒன்றாக இணைப்பது) ஒவ்வொரு படத்திலும் தையல்கோட்டைச் சற்று வேறு இடத்தில் போடக்கூடும்.

தையல்கோடு பற்றி இன்னொன்று. இரட்டை லென்ஸ் கேமராவில் லென்ஸ்கள் முன்னும் பின்னும் பார்க்கும், கோடு இரு பக்கவாட்டிலும் விழும். செட்டிநாட்டு வீட்டில் தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோடு என்பதால், லென்ஸை அந்த நேர்கோட்டில் வைத்து வாசல் நிலைக்கு நடுவே படம் எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்போது இரண்டு பக்க நிலைக்காலும் சரியாகத் தையல்கோட்டில், கேமராவுக்கு அரை மீட்டர் அருகில் விழுந்து, செதுக்கு வேலைப்பாடு துண்டு துண்டாக ஒடிந்து தெரியும். வாசலுக்கு நடுவே எடுக்காமல் இரு புறமும் ஒன்றரை மீட்டர் தள்ளி எடுங்கள். நடுவேதான் வேண்டும் என்றால் கேமராவை 45 டிகிரி திருப்புங்கள். புதிருக்கான பொருள் எதுவும் தையல்கோட்டில் விழக் கூடாது. ஒரு லென்ஸ் அதை நேராகப் பார்க்க வேண்டும்.

வளவில் நேர்வெயில் விழாத நேரம் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் விழும் வெயில் கட்டம் சில நிமிடங்களில் நகர்ந்துவிடும், பிறகு இரண்டு படத்தையும் பொருத்துவது பெரும்பாடு. திறந்தவெளிக்கும் தாழ்வாரத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். வெளிச்ச அளவை 2 ஸ்டாப் (நான்கு மடங்கு) இடைவெளியில் மாற்றி 5 படம் எடுத்து, ஹெச்டிஆராக (ஒரே படமாக) சேர்த்தால் இரண்டும் தெரியும்.

மின்மினி:
புரோகிராம் எழுதவே வேண்டாம்னா 3டிவிஸ்டா டூர் மென்பொருளில் ஸ்கோர், டைமர், வினாடி வினா எல்லாம் உள்ளேயே இருக்கு. பேனோ2விஆர்-லயும் வேரியபிள் வெச்சு "சாவி இருந்தா இந்த ஹாட்ஸ்பாட்டைக் காட்டு"ன்னு சொல்லலாம். ரெண்டும் காசு கொடுத்து வாங்கணும். ஆனா நீங்க ஏற்கனவே 14 சீனை பன்னெல்லத்தில் ஓட்டிட்டீங்க, அதனால மாறச் சொல்ல மாட்டேன். ஒரு அறையில அஞ்சாறு பொருள் தனித்தனியா திறந்து மூடணும்னா மட்டும் யோசிங்க. அஞ்சு பொருள்னா 32 விதமான சேர்க்கை, அத்தனைக்கும் முழுப் படம் வைக்க முடியாது. அப்போ த்ரீ.ஜேஎஸ் (ப்ரவுசரில் 3டி வரையும் நிரல் நூலகம்) தான் சரி. பனோரமாவை ஒட்டின பெரிய கோளத்துக்குள்ள கொஞ்சம் சின்ன ஆரத்தில் கோளத்தின் ஒரு துண்டு மட்டும் வரைஞ்சு, அதில் இழுப்பறைப் பகுதியை ஒட்டலாம். 8192 அகலப் படத்தில் 500 பிக்சல் அகலத் துண்டுன்னா சுமார் 22 டிகிரி. ஒவ்வொரு பொருளையும் தனியாக் காட்டலாம், மறைக்கலாம்.

கல்தூண்:
நிலைக்கால் ஒடிஞ்சு தெரியறது என் படத்திலும் அப்படியே இருக்கு, காரணம் இப்பத்தான் புரியுது. வளவுப் படங்களை மறுபடி எடுக்கிறேன். ஒரு அறையில ரெண்டு பொருளுக்கு மேல மாறாது, பன்னெல்லமே போதும். மூணாவது கேள்வி பாக்கி இருக்கு. அதோட, பக்கத்தை ரீஃப்ரெஷ் செஞ்சா சாவி திரும்ப அஞ்சறைப்பெட்டிக்கே போயிடுது.

நிலைவாசல்:
பல பழைய போன்களின் கிராஃபிக்ஸ் சிப், 4096 பிக்சலுக்கு மேல் அகலமான டெக்ஸ்ச்சரை (சிப்பில் ஏற்றும் படம்) ஏற்காது. உங்கள் படம் 8192. ஏற்கும் போனிலும் மெமரியைக் கவனியுங்கள்: ஜேபெக் கோப்பு 6 எம்பிதான் என்றாலும் திரையில் காட்ட விரிக்கும்போது 8192 × 4096 × 4 பைட், அதாவது சுமார் 134 எம்பி. 4096×2048 என்றால் 34 எம்பிக்குள் முடியும்.

ஆகவே பன்னெல்லத்துடன் வரும் ஜெனரேட் என்ற பைத்தான் ஸ்கிரிப்ட்டால் படத்தை மல்ட்டிரெஸ் டைல்களாக (பல தெளிவு நிலைகளில் சிறு சதுரத் துண்டுகள்) வெட்டுங்கள். அதற்கு ஹகின் என்ற பனோரமா மென்பொருளில் உள்ள நோனா நிரல் தேவைப்படும். 8192 படம் சுமார் 2600 பிக்சல் கனசதுர முகங்களாகி, 512 பிக்சல் டைல்களாக உடையும். பார்க்கும் திசைக்குத் தேவையான டைல் மட்டும் இறங்கும். ஆனால் இழுப்பறை ஜோடிப் படங்களுக்கு டைல் முறை வேண்டாம். மாறியவுடன் மங்கலான டைல் முதலில் வந்து, பிறகு தெளியும். திறக்கிற அந்த நொடியின் சுவையே போய்விடும். அந்த ஜோடிகளை 4096 அகலத்தில் சாதாரணப் படமாக வைத்து, சீனுக்குள் நுழைந்ததுமே இரண்டாவது படத்தையும் பின்னணியில் இறக்கிவிடுங்கள். லோட்சீனுக்கு பிட்ச், யா, ஜூம் மூன்றுக்கும் "சேம்" என்று கொடுத்து, ஃபேடை (ஒரு படம் கரைந்து மற்றது வரும் நேரம்) 300 மில்லிசெகண்டில் வையுங்கள்.

ரீஃப்ரெஷுக்கு: "நிலை" ஆப்ஜெக்ட் மாறும்போதெல்லாம் அதை ஜேசனாக (எழுத்து வடிவத் தரவு) லோக்கல் ஸ்டோரேஜில் (ப்ரவுசரின் சேமிப்பிடம்) எழுதி, பக்கம் திறந்ததும் முதலில் அதைப் படியுங்கள். கூடவே ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும். நாளை ஒரு புதிரை மாற்றினால், பழைய நிலையோடு வரும் பிள்ளை இல்லாத சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எண் பொருந்தாவிட்டால் புதிதாகத் தொடங்கச் செய்யுங்கள். சஃபாரி, பயனர் சில நாள் தளத்தைத் தொடாவிட்டால் இந்தச் சேமிப்பை அழித்துவிடும். வகுப்பில் ஒரே அமர்வில் முடிக்கும் அளவு விளையாட்டு என்றால் அது பாதிக்காது.

"தொடங்கு" என்று ஒரு பொத்தான் கட்டாயம் வையுங்கள். பயனர் எதையாவது தொடாமல் ப்ரவுசர் ஓசையை ஒலிக்க விடாது. ஐபோனில் போனைத் திருப்பிப் பார்க்கும் வசதிக்கான அனுமதியையும் அந்தத் தொடுகையின்போதுதான் கேட்க முடியும், அதுவும் ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் மட்டும்.