எக்செல்லில் -3^2 போட்டால் 9 வருகிறது, வளைவே தலைகீழாகிவிட்டது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வரைபடக் கணக்குக்காக எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன். சமன்பாடு ஒய் = −எக்ஸ்² + 4. ஏ நெடுவரிசையில் −3 முதல் 3 வரை மதிப்புகள், பக்கத்தில் =-ஏ2^2+4 என்று ஃபார்முலா.

கையால் போட்டால் −5, 0, 3, 4, 3, 0, −5. எக்செல் தருவது 13, 8, 5, 4, 5, 8, 13. நடுவில் உள்ள 4 மட்டும்தான் சரி. கீழ்நோக்கித் திறக்க வேண்டிய பரவளையம் மேல்நோக்கித் திறந்து, எக்ஸ் அச்சைத் தொடாமலே போகிறது. இதைப் பார்த்தால் பிள்ளைகள் 'மெய்யெண் தீர்வுகள் இல்லை' என்று எழுதிவிட்டு வருவார்கள். விடை 2, −2 அல்லவா? வேறு லேப்டாப்பிலும் இதேதான்.

பதில் 1:
டீச்சர், லேப்டாப் மேல் குற்றமில்லை. எண்ணின் தலையில் ஒட்டியிருக்கும் மைனஸை எக்செல் அடுக்குக்கு முன்பே எடுத்துக்கொள்ளும். அதனால் -3^2 அதற்கு (−3)². நம் புத்தகத்தில் அடுக்கு முதலில், மைனஸ் பிறகு: −(3²) = −9.

=4-ஏ2^2 என்று மாற்றுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவில் வரும் மைனஸ் கழித்தல். அதை எக்செல்லும் அடுக்குக்குப் பிறகுதான் செய்யும். வரிசையை மாற்ற விருப்பமில்லை என்றால் =-(ஏ2^2)+4.

பதில் 2:
கூகுள் ஷீட்ஸிலும் 9தான். பைத்தான் நிரல்மொழியில் -3**2 போட்டால் (அங்கே ** தான் அடுக்குக் குறி) −9. வேடிக்கை என்னவென்றால், எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விபிஏவில் -3^2 என்று எழுதினால் −9 வரும். ஒரே வீட்டில் இரண்டு சட்டம்!

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி சார். இன்னும் இரண்டு சந்தேகம். −எக்ஸ்² − 2எக்ஸ் + 8 என்றால் இரண்டாவது மைனஸுக்கும் அடைப்புக்குறி வேண்டுமா? அப்புறம், =-ஏ2*ஏ2+4 என்று போட்டபோது மட்டும் சரியான விடை வந்ததே, எப்படி?

பதில் 1:
இரண்டாவதற்கு வேண்டாம், அது கழித்தல். தொடக்கத்தில் இருப்பதற்கு மட்டும்: =-(ஏ2^2)-2*ஏ2+8.

பெருக்கலில் மைனஸை முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் ஒன்றுதான். (−3)×3, −(3×3) இரண்டும் −9. வர்க்கத்தில் அப்படியில்லை. மைனஸை உள்ளே விட்டால் அது இரண்டு முறை பெருக்கப்படுகிறது, (−3)×(−3), அடையாளம் மாறிவிடுகிறது.

பிள்ளைகள் நோட்டில் செய்வது இதற்கு நேர் எதிர்த் தப்பு. எக்ஸ்²-இல் −3-ஐ வைக்கும்போது அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று எழுதிவிட்டு −9 போடுவார்கள். −எக்ஸ்² என்றால் இன்னும் மோசம்: −(−3)²-ஐப் பார்த்ததும் 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று +9 ஆக்கிவிடுவார்கள். அந்த இரண்டு மைனஸுக்கு நடுவில் ஒரு வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது; முதலில் அது 9 ஆகும், வெளியே நிற்கும் மைனஸ் பிறகுதான். 'பெருக்கினால்தான் பிளஸ்' என்று முழுதாகச் சொல்லிக்கொடுங்கள். பாதி விதியை வைத்துக்கொண்டு −5 − 3-க்கும் 8 போடுகிற பிள்ளைகள் உண்டு.

பதில் 3:
ஷீட்டைச் சரிபார்க்க எக்ஸ் = 0 போடாதீர்கள், தப்பான ஃபார்முலாவும் அங்கே சரியாகவே காட்டும். −2 போடுங்கள். இரண்டாவது சமன்பாட்டுக்கு 8 வர வேண்டும். 16 வந்தால் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது.