6 மி.மீ. அலன் பிட் முறுக்கிக்கொண்டது: 750 ரூபாய் செட் வாங்கவா, 2,100 ரூபாய் செட் வாங்கவா?

அம்பை மாவுமில்:
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் தாத்தா காலத்து மாவு மில்லை நடத்திவருகிறேன். பிசான நெல் அறுவடை முடிந்திருப்பதால் அரவைக்குக் கூட்டம் அதிகம். இந்த நேரம் பார்த்து அரவை இயந்திரத்தின் புல்லி ஷாப்டில் ஆட ஆரம்பித்திருக்கிறது. கழற்றி உள்ளே இருக்கும் சாவியை (புல்லியும் ஷாப்டும் சேர்ந்து சுற்றச் செருகும் இரும்புத் துண்டு) மாற்ற வேண்டும். ஆனால் புல்லியைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்குரூ (தலையில்லாத, மேலே அறுகோணக் குழி உள்ள ஸ்குரூ) அசைய மறுக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் அரை இஞ்ச் டிரைவில் (கைப்பிடியில் மாட்டும் சதுரத்தின் அளவு) 9 அலன் பிட் சாக்கெட் (அறுகோண முனை பதித்த சாக்கெட்) கொண்ட செட் ஒன்று வாங்கினேன். 4 முதல் 17 மி.மீ. வரை உண்டு. அதில் 6 மி.மீ. பிட் குழிக்குள் போகிறது. ராட்செட்டை (சாக்கெட்டைத் திருகும் கைப்பிடி) போட்டு அழுத்தினேன், ஒருமுறை நழுவியது. கைப்பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகி மறுபடி அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் பிட் கைமுறுக்கு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வாங்கிய கடையில் காட்டினேன். குழாய் போட்டதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திருநெல்வேலியில் விசாரித்ததில் மூன்று விலை சொல்கிறார்கள். அதே மாதிரி குரோம் வனேடியம் எஃகு செட் 750 ரூபாய். எஸ்2 என்று முத்திரை போட்டது 2,100. ஜெர்மன் சரக்கு 6,000-க்கு மேல். எது உடையாமல் உழைக்கும்? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவதால் இரண்டு நாள் மில்லை அடைப்போம். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

டவுன் ஹார்டுவேர்:
யோசிக்கவே வேண்டாம், எஸ்2 வாங்குங்கள். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு அது. கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும். சாதாரணக் குரோம் வனேடியம் பிட் 50 முதல் 55-க்குள் நின்றுவிடும். விலை வித்தியாசம் சும்மா வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரன் நானே சொல்கிறேன்: முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கையோடு ஒரு புது அரத்தைக் கொண்டுபோய்ப் பிட்டின் நுனியில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் வந்தால் மென்மையான சரக்கு. கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கினால் நம்பலாம். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

பணகுடி காற்றாலை:
எஸ்2 நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழாயைப் பற்றி யாரும் பேசவில்லையே.

கால் மீட்டர் நீள ராட்செட்டில் 20 கிலோ எடை அளவுக்குக் கையால் அழுத்தினால் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வருகிறது. இரண்டடிக் குழாய் போட்டால் அதே கைக்கு 120. அந்த முறுக்கத்தில் எந்த நாட்டு 6 மி.மீ. பிட்டும் நிற்காது. மென்மையானது முறுக்கிக்கொள்ளும், கடினமானது படீரென்று ஒடியும். உங்களுடையது முறுக்கிக்கொண்டது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எஸ்2 ஆக இருந்திருந்தால் ஒடிந்த துண்டு குழிக்குள்ளேயே சிக்கியிருக்கும், தெறித்த துண்டு முகத்தில் பட்டிருக்கும்.

இன்னொரு கணக்கு. பிட்டின் பலம் அதன் அளவின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஒரே எஃகில் செய்தாலும் 10 மி.மீ. பிட் 5 மி.மீ. பிட்டைப்போல எட்டு மடங்கு தாங்கும். 5-க்கும் 6-க்கும் நடுவிலேயே 1.7 மடங்கு வித்தியாசம். அதனால்தான் எந்தச் செட்டிலும் 12, 14, 17 மூன்றும் பளபளவென்று புதிதாகவே கிடக்கும், 4, 5, 6 மூன்றும் சாகும். அரை இஞ்ச் டிரைவ் 4 மி.மீ. பிட்டுக்கு யானைப் பலம். சின்ன அளவுகளுக்கு மூன்றெட்டு (3/8) இஞ்ச் டிரைவோ வெறும் எல்-கீயோ (எல் வடிவ அலன் சாவி) போதும். எல்-கீ வளைந்து கொடுத்து 'போதும், நிறுத்து' என்று கைக்குச் சொல்லிவிடும்.

சீசன் தொடங்குமுன் டவர் பராமரிப்பு நடக்கும் மாதம் இது, நாங்களும் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். இம்பாக்ட் துப்பாக்கி (அடித்து அடித்துத் திருகும் கருவி) போடுவதாக இருந்தால் கறுப்பு நிறக் குரோம் மாலிப்டினம் சாக்கெட்டும் இம்பாக்டுக்கென்றே விற்கும் பிட்டும்தான். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்டில் மாட்டாதீர்கள்.

மேலப்பாளையம் பைக் பட்டறை:
மதிப்பு என்று கேட்டீர்கள், என் கணக்கைச் சொல்கிறேன். என் பட்டறையில் 5, 6, 8 மூன்றைத் தவிர வேறு அலன் பிட் மாதத்துக்கு ஒருமுறைகூட வெளியே வராது. எம்6 (6 மி.மீ. மரை) உருளைத்தலை போல்ட்டுக்கு 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8. அவ்வளவுதான். ஆகவே செட் வாங்குவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அந்த மூன்றை மட்டும் நல்ல எஸ்2-வில் தனித்தனியாக வாங்குகிறேன். 2,100 ரூபாய்க்கு ஒன்பது பிட் என்றால் ஒன்று 233 என்று கணக்குப் போடாதீர்கள். நீங்கள் மூன்றுதான் தொடுவீர்கள் என்றால் ஒன்று 700!

வாங்கும்போது பிட் சாக்கெட்டுக்குள் எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். சாக்கெட்டின் பின்புறச் சதுரத் துளை வழியாகப் பிட்டின் அடி தெரிந்தால், ஒடிந்ததைப் பஞ்ச் (தட்டுவதற்கான இரும்புக் கம்பி) வைத்துத் தட்டி எடுத்துப் புதிதைச் செருகலாம். பிட் நீளத்தில் சின்னதாக இருப்பதே நல்லது. நீளமானது சாய்ந்துகொள்ளும், சாய்ந்தால் குழியின் விளிம்பைத்தான் தின்னும். பந்துமுனை பிட் இருக்கிறதே, அது சுற்றிக் கழற்றத்தான். இறுகியதை முதலில் அசைக்க அல்ல. அதன் கழுத்து மெலிந்தது.

அவசரத்துக்கு நான் செய்வது: நல்ல எல்-கீயின் நீளப் பக்கத்தில் 4 செ.மீ. வெட்டி, அதே அளவுப் பாக்ஸ் சாக்கெட்டுக்குள் செருகிவிடுவேன். வெட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் கடினம் போயிற்று, பிறகு அது வெறும் கம்பி.

தாழையூத்துப் பழைய பிட்டர்:
தம்பி, எல்லாரும் எந்தச் செட் என்றே பேசுகிறார்கள். எனக்கு மூன்று கேள்வி.

அந்தப் புல்லி எந்தக் காலத்துச் சாமான்? பிட் முறுக்கிக்கொள்வதற்கு முன் ஒருமுறை நழுவியது என்று எழுதியிருக்கிறாயே, ஆறு மூலைகளும் ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கின்றனவா? குழிக்குள் பிட் எவ்வளவு ஆழம் போகிறது?

அம்பை மாவுமில்:
அண்ணாச்சி, மில் 1962-இல் தாத்தா வாங்கியது. மோட்டாரை இரண்டு தடவை மாற்றிவிட்டோம், அரவை இயந்திரமும் அதன் புல்லியும் பழையதுதான். பிட்டின் மூலைகள் ஆமாம், ஒரே பக்கமாக மழுங்கியிருக்கின்றன. ஆழத்தை அளந்தேன், 3 மி.மீ. கூட இல்லை. கையால் ஆட்டினால் பிட் கொஞ்சம் விளையாடுகிறது.

தாழையூத்துப் பழைய பிட்டர்:
அப்படியென்றால் எஃகை விடு, அளவைப் பார். 1962 புல்லியில் மி.மீ. ஸ்குரூ இருக்கும் என்று யார் சொன்னது? நம் நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரங்கள் பெரும்பாலும் இஞ்ச் கணக்கில்தான் வந்தன. அரை இஞ்ச் கிரப் ஸ்குரூவின் குழி கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. பிட் போகத்தான் செய்யும். ஆனால் 0.35 மி.மீ. இடைவெளியில் பிட்டின் தட்டைப் பக்கங்கள் எங்கும் பதியாது, மூலைகள் மட்டும் தொடும். நழுவியதும் மூலை மழுங்கியதும் அதனால்தான். 6,000 ரூபாய் பிட் போட்டிருந்தாலும் இதே கதிதான், குழி இன்னும் சீக்கிரம் வட்டமாகியிருக்கும்.

சோதிக்கக் காசு வேண்டாம். டிரில் மெஷினில் மாட்டும் ஸ்குரூடிரைவர் பிட் வீட்டில் இருக்கும். அதன் பின்பக்க அறுகோணம் கால் இஞ்ச். அதைத் திருப்பிக் குழிக்குள் விட்டுப் பார். ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தால் நான் சொன்னது சரி. அதை வைத்துத் திருகிவிடாதே, அளவு பார்க்க மட்டும்.

அதற்கு முன் குழியைச் சுத்தம் செய். 3 மி.மீ. ஆழம் என்பது குழியின் ஆழம் இல்லை, அறுபது வருட மாவும் எண்ணெயும் சேர்ந்து கல்லாகிப்போன அடைசலின் மேல்மட்டம். கூர்மையான குத்தூசியால் கிளறி, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி கிளறு. அடிவரை போகாத பிட் எந்த எஃகாக இருந்தாலும் ஒன்றுதான்.

பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடு. காலையில் பஞ்ச் கம்பியை ஸ்குரூவின் மேல்முகத்தில் வைத்துச் சுத்தியலால் நாலைந்து அடி நேராகப் போடு. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிவிட்டு அப்புறம் கழற்று. மரையில் பூட்டுப் பசை போட்டிருந்தால் வேறு கதை, சிவப்புப் பசை 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும். ஆனால் மில்லுக்குள் நெருப்பு வைக்காதே. மாவுத் தூசி காற்றில் பறக்கும் இடத்தில் ஒரு பொறி போதும், அது வெடிமருந்துக்குச் சமம். சூடு வேண்டியிருந்தால் ஷாப்டோடு கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்து செய்.

டவுன் ஹார்டுவேர்:
பிட்டர் அண்ணாச்சி சொன்னது சரி, நான் அளவைக் கேட்காமலே எஃகைச் சொல்லிவிட்டேன். கால் இஞ்ச் எல்-கீ தனியாகவே கிடைக்கும், நூறு ரூபாய்க்குள். கேட்கும்போது 'இஞ்ச் சைஸ்' என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 6 மி.மீ.யை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

பணகுடி காற்றாலை:
ஒரு கூடுதல் லாபம்: 6-இலிருந்து 6.35-க்குப் போனால் பிட்டின் பலமும் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. அதற்காகக் குழாயை மறுபடி எடுத்துவிடாதீர்கள்.

அம்பை மாவுமில்:
உத்திரத்துக்கு மறுநாள் எழுதுகிறேன்.

ஸ்குரூடிரைவர் பிட்டின் பின்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. குழியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு கறுப்புப் பிசின் வந்தது, கீழே 7 மி.மீ. ஆழம் இருந்தது. 85 ரூபாய்க்குக் கால் இஞ்ச் எல்-கீ வாங்கினேன். எண்ணெயில் ஊறவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சுத்தியலால் தட்டி, ஓரடிக் குழாய் மட்டும் போட்டேன். மன்னிக்க வேண்டும், கை கேட்கவில்லை. 'கிரீச்' என்று ஒரு சத்தம், ஸ்குரூ வந்துவிட்டது.

ஆனால் புல்லி அசையவில்லை. புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுத்தும் வரவில்லை.

தாழையூத்துப் பழைய பிட்டர்:
இழுக்காதே, நிறுத்து. புல்லியின் வார்ப்பிரும்பு ஆரக்கை உடைந்துவிடும். அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார். கீழே இன்னொரு கிரப் ஸ்குரூ இருக்கும். ஆட்டத்தில் இளகாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைப் போட்டுப் பூட்டுவது பழைய வழக்கம்.

அம்பை மாவுமில்:
இருந்தது அண்ணாச்சி. அதே எல்-கீயில் அரைத் திருப்பில் வந்துவிட்டது. புல்லி இப்போது திண்ணையில் கிடக்கிறது, சாவி இரண்டாகப் பிளந்திருந்தது.

புதிதாக இரண்டு கிரப் ஸ்குரூ வாங்க வேண்டும். கடையில் எம்12 கொடுத்தார்கள், இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது. திருப்பி எடுத்துவிட்டேன்.

தாழையூத்துப் பழைய பிட்டர்:
எடுத்தது நல்லது. கழற்றிய ஸ்குரூவின் மரையை ஓர் இஞ்ச் அளவுக்கு எண்ணு. ஸ்குரூ அரை இஞ்ச் நீளம்தான் என்றால் அரை இஞ்சுக்கு எண்ணி இரட்டித்துக்கொள். 12 வந்தால் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை, 13 வந்தால் அமெரிக்க யுஎன்சி மரை. அரை இஞ்ச் அளவில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. எண்ணிவிட்டுப் பழையதையே கையில் கொண்டுபோ.

அம்பை மாவுமில்:
12 இருக்கிறது. 2,100 ரூபாய் செட் வாங்கவில்லை. 5, 6, 8 மட்டும் எஸ்2-வில் தனியாக எடுக்கப்போகிறேன். அரம் பையில் இருக்கிறது.